நூற்றுப் பதினெட்டுப் பாகை

காலை ஆறு மணி பன்னிரண்டு நிமிடம். முதலில் கண்ணில் பட்டது கம்பத்தின் உச்சியில் கட்டியிருந்த துணிக்குழாய். அது அசையாமல் தொங்கியது. காற்று இல்லை என்று எழுதினேன்.

பலெர்மோவிலிருந்து காரில் ஒரு மணி நேரம் உள்ளே போனால் அந்தப் புல் ஓடுபாதை வரும். பலெர்மோவின் லிபெர்த்தா தெருவில் நான் வீட்டு வேலை செய்த வீட்டின் முதலாளி, நான் சிஞ்ஞோரே என்று கூப்பிடுபவர், என்னைக் கூட்டிப் போயிருந்தார். ஓய்வுபெற்ற பொறியியலாளர், வயது எழுபத்தொன்று. ஒன்பது வருடமாகக் கார்க் கொட்டகையில் தன் கையால் ஒரு விமானம் கட்டினார். அதன் மூக்கில் இருந்தது விபத்தில் நொறுங்கிய கார் ஒன்றிலிருந்து கழற்றிய சுழல் எஞ்சின். மேலும் கீழும் ஓடும் பிஸ்டன் அதில் இல்லை. முக்கோணமான உலோகத் துண்டொன்று கூட்டுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். நடுக்கம் குறைவு, சூடு அதிகம்.

அந்த எஞ்சின் பறப்பைத் தாங்காது என்று அங்கிருந்த விமானக்காரர் எல்லோரும் சொன்னார்கள். அன்றும் நான்கு பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"இஞ்ஜெஞ்ஞேரே, இன்றைக்குப் பறக்கப் போகிறீர்களா, பாஸ்தா அவிக்கப் போகிறீர்களா?" என்றார் ஒருவர். பொறியியலாளரை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"இரண்டும்தான்," என்றார் அவர். "தட்டோடு காத்திருங்கள்."

அதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

அவருடைய மனைவி ஓடுபாதைக்கு வர மறுத்துவிட்டார். இலக்கங்களை வேகமாக எழுத ஓர் ஆள் வேண்டும் என்று சிஞ்ஞோரே சொன்னபோது, நான் யாழ்ப்பாணத்தில் எட்டு வருடம் பத்திரிகையில் வேலை செய்தவள் என்றேன். அதிலிருந்து சனிக்கிழமைகளில் துடைப்பத்தை வைத்துவிட்டு வானொலிப் பெட்டியோடு உட்கார்ந்தேன். அவர் மேலிருந்து நிமிடத்துக்கு ஒருமுறை எஞ்சினைக் குளிர்விக்கும் குளிர்நீரின் வெப்பத்தைச் சொல்வார். அதை எடுக்கும் முறையை நான் வகுத்தேன். எங்கள் அச்சுக்கூடத்தில் ஒப்புநோக்கும்போது எண்ணை முழுதாக வாசிக்க மாட்டோம். ஒருவர் இலக்கம் இலக்கமாகச் சொல்ல, மற்றவர் அப்படியே திருப்பிச் சொல்ல, முதலாமவர் ஓம் என்ற பிறகுதான் பேனா தாளில் படும். சிஞ்ஞோரே முதலில் சிரித்தார். பிறகு வீட்டில் தொலைபேசி எண் சொல்வதும் அப்படியே ஆயிற்று.

அன்று சோதனைப் பறப்பின் கடைசி மணி நேரம். செவ்வாய்க்கிழமை, விமானத்துக்குப் பறக்க அனுமதி கொடுக்கும் ஆய்வாளர் வருவார். வெப்பம் ஒருமுறை நூற்றைந்து பாகையைத் தாண்டினாலும் எஞ்சினைத் திறந்து பார்த்து, மணிக்கணக்கைச் சுழியத்திலிருந்து தொடங்க வேண்டும்.

எனக்கும் ஒரு கெடு இருந்தது. இத்தாலியில் தங்குவதற்கான என் அனுமதி, பெர்மெஸ்ஸோ, அடுத்த மாதம் முடிந்துவிடும். வேலை தருகிறேன் என்று அவர் கடிதம் கொடுத்தால்தான் பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவில் புதுப்பிப்பார்கள். கடிதம் தட்டச்சாகி அவருடைய சமையலறை மேசையில் இருந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி.

ஆறு நாற்பதுக்குச் சக்கரம் தரையை விட்டது. மூன்றாம் நிமிடம் தொண்ணூற்று நான்கு. நான்காம் நிமிடம் நூற்று மூன்று. ஐந்தாம் நிமிடம் நூற்று நான்கு.

"உனோ, உனோ, ஒத்தோ," என்றது வானொலி ஆறாம் நிமிடத்தில். ஒன்று, ஒன்று, எட்டு. குரலில் மாற்றம் இல்லை.

"உனோ, உனோ, ஒத்தோ," என்றேன்.

"ஸீ," என்றார், ஓம் என்று.

எழுதினேன். அவர் வேகத்தைக் குறைத்துத் திரும்ப, அடுத்த நிமிடம் வெப்பம் நூற்றுக்குக் கீழே வந்தது. ஆறு ஐம்பத்து மூன்றுக்கு இறங்கினார். விமானத்தின் மூக்கிலிருந்து குளிர்நீரின் இனிப்பு மணம் வந்தது.

இறங்கியவர் நேரே என்னிடம் வந்தார்.

"மானி பிழை. தொண்ணூற்றெட்டு என்று எழுது."

"நீங்கள் சொன்னீர்கள். நான் திருப்பிச் சொன்னேன். நீங்கள் ஸீ என்றீர்கள்."

"இப்போது தொண்ணூற்றெட்டு என்று சொல்கிறேன்."

நாற்காலிக்காரர்களில் ஒருவர் எழுந்து வந்தார். "எழுதிவிடு, பெண்ணே. அவர் உன் முதலாளி. நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. எங்களுக்கெல்லாம் காது மந்தம்." மற்ற மூவரும் சிரித்தார்கள். ஒன்பது வருடமாக அவரைக் கேலி செய்தவர்கள் அந்த ஒரு நிமிடத்தில் அவர் பக்கம் சேர்ந்துகொண்டார்கள்.

யாழ்ப்பாணத்தில் ஒரு மத்தியானம் ஆஸ்பத்திரி விறாந்தையில் கிடத்தியிருந்த உடல்களை நானே நடந்து எண்ணி, பத்தொன்பது பேர் என்று எழுதிக் கொடுத்தேன். அச்சில் "சிலர்" என்று வந்தது. ஆசிரியர் அதை மாற்றச் சொன்னபோது நான் அந்த அறையில்தான் இருந்தேன். வாய் திறக்கவில்லை.

"மாற்றலாம், சிஞ்ஞோரே," என்றேன். "எங்களுடைய முறைப்படி. ஒற்றைக் கோடு, பழைய இலக்கம் தெரிய வேண்டும். மேலே புதிய இலக்கம். பக்கத்தில் மாற்றியவருடைய கையெழுத்து." பேனாவை நீட்டினேன்.

"நீ என் வீட்டில் வேலை செய்கிறாய்."

"ஓம். இந்தப் புத்தகத்திலும்தான்."

பேனாவை வாங்கினார். கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு அதை மேசையில் போட்டுவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு காருக்குப் போனார்.

பின்னேரம் என் கணவர் மொண்டெல்லோ கடற்கரை உணவகத்துக்கு வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். சட்டைப் பொத்தானில் இருந்த கை நின்றது.

"இஞ்சேரும், உமக்கென்ன விசரே? பறக்கிறது அந்தாள். வெந்தா அந்தாள்தானே வேகும்?"

"வேகட்டும். என்ரை கையெழுத்திலை வேகக் கூடாது."

"இதைக் குவெஸ்தூராவிலை போய்ச் சொல்லும். பதக்கம் குத்திவிடுவாங்கள்."

"குத்தினா நீங்கள்தான் படம் எடுக்கோணும்."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "பெர்மெஸ்ஸோ இல்லாட்டி என்ன செய்யிறது எண்டு யோசிச்சனீரே?"

"யோசிச்சனான்."

"யோசிச்சுப் போட்டுமா இப்பிடிச் செய்தனீர்?"

"ஓம்."

கதவைச் சாத்திவிட்டுப் போனார். கொஞ்சம் பலமாகத்தான் சாத்தினார்.

செவ்வாய்க்கிழமையும் சிஞ்ஞோரே என்னை ஓடுபாதைக்குக் கூட்டிப் போனார். ஏன் என்று நான் கேட்கவில்லை. ஆய்வாளர் மெலிந்த மனிதர். புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து விரலை வைத்து வாசித்தார். அது மூன்று நாள் சிஞ்ஞோரேயிடம் இருந்தது. பக்கம் ஒன்றும் கிழிந்திருக்கவில்லை. நூற்றுப் பதினெட்டின் மேல் கோடு இல்லை.

"இது யாருடைய எழுத்து?"

"என்னுடையது."

என்னையும் சிஞ்ஞோரேயையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எஞ்சின் மூடியைக் கழற்றச் சொன்னார். அடியில் போகும் தண்ணீர்க் குழாய் சூட்டில் இளகி, உள்பக்கம் உறிஞ்சப்பட்டுத் தட்டையாகக் கிடந்தது. இரண்டு விரலால் அதைத் தூக்கிக் காட்டினார்.

"சுழியத்திலிருந்து," என்றார்.

சிஞ்ஞோரே தலையாட்டினார். நாற்காலிக்காரர் யாரும் அன்று வரவில்லை.

வெள்ளிக்கிழமை வரை வழமைபோல வீட்டைக் கூட்டினேன், சமைத்தேன். மேசையைத் துடைக்கும்போது கடிதத்தைத் தூக்கித் துடைத்துவிட்டு அதே இடத்தில் வைத்தேன். வெள்ளிக்கிழமை மாலையும் அதில் கையெழுத்து இல்லை. வீட்டுச் சாவியை அதன் மேல் வைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த மாதம் என் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கப்பட்டது. வேலை தருபவர் என்ற இடத்தில் என்னை வேலைக்கு எடுத்துக்கொண்ட, வியா மக்வேதா தெருவில் துணிக்கடை வைத்திருந்த ஒரு பெண்ணின் பெயர் இருந்தது.