கீல் வைக்காத எட்டு ஜன்னல்கள்

அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். எல்லோருக்கும் அவர் 'இழுத்துப்பார்'தான். வெல்டிங் பட்டறைக்கு யார் வந்தாலும் ஒரு துண்டு இரும்பு வலை மெஷ்ஷை எடுத்துக் கையில் கொடுத்து, "இழுத்துப் பாருங்க, அப்புறம் பேசுவோம்" என்பார். இழுத்தவர்களுக்கு விரல் சிவந்ததுதான் மிச்சம்.

இரும்புத் தகட்டில் வரிசையாகக் கீறல் போட்டு இருபுறமும் இழுத்தால், கீறல்கள் வைர வடிவக் கண்களாக விரியும். பின்னலும் கிடையாது, முடிச்சும் கிடையாது. முழுக்க ஒரே தகடு. விரித்த மெஷ் அப்படியே இருந்தால் துருவியைப் போலச் சொரசொரவென்று இருக்கும். அதையே உருளைகளுக்கு நடுவே விட்டு அழுத்தி எடுத்தால் தட்டை மெஷ். உள்ளங்கையால் தேய்த்தாலும் கீறாது. துணியால் ஒரு துடை துடைத்தால் தூசி போய்விடும்.

இழுத்துப்பாருக்கு இந்தத் தட்டை மெஷ் என்றால் உயிர். சுற்றுகிற பெல்ட்டுக்கு மூடி செய்தால் விரல் நுழையாத சின்னக் கண்ணாகத் தேர்ந்தெடுப்பார். கிடங்கு அலமாரிக்குத் தடித்த தகடு, தடுப்புச் சுவருக்கு மெல்லிய தகடு. ஆனால் எதற்கு ஆகாது என்பதும் அவருக்குத் தெரியும். எண்ணெய் ஆலை மேலாளர் ஒருவர் மாடிப்படிக்கும் இதையே போடச் சொன்னபோது, "எண்ணெய் சிந்தினா இதுல ஆள் வழுக்கி விழுவான் சார். நடக்கற இடத்துக்குச் சொரசொரப்பு மெஷ்தான். வேணாம்னா நீங்க வேற பட்டறை பாருங்க" என்று சொல்லிவிட்டார். அந்த வேலை கைநழுவிப் போனதற்காக அவர் ஒரு நாளும் வருந்தியதில்லை.

அப்படி முகத்துக்கு நேரே சொல்லத் தெரிந்தவர்தான் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் வாயை மூடிக்கொண்டார்.

பட்டறையிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தது அந்தக் கம்பெனி. கீழே கிடங்கு. மேலே நீளமான கூடம். அங்கே பெண்கள் பெட்டி மடிப்பார்கள், பசை தடவுவார்கள், கட்டு கட்டுவார்கள். இழுத்துப்பாரின் அக்காவும் அவர்களில் ஒருத்தி. வீட்டுக்காரர் போன பிறகு, அந்த முதலாளியிடம் நாலு நடை நடந்து அக்காவுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது தம்பிதான்.

ஜன்னல் வழியாகச் சரக்குக் கட்டுகள் காணாமல் போகின்றன என்று முதலாளி ஆள் அனுப்பினார். மேல் கூடத்தில் எட்டு ஜன்னல்கள். வெளியே லாரி நிற்கும் இடத்துக்கு மேல் காங்கிரீட் மேடை நீண்டிருந்ததால், உள்ளிருந்து போட்டுவிட்டு வெளியே எடுத்துக்கொள்வது சுலபம். இழுத்துப்பார் அளவெடுத்தார்.

"பின்னல் கம்பி வேணாம் சார். ஒரு எடத்துல வெட்டினா சரசரன்னு பிரிஞ்சுடும். தட்டை மெஷ், மூணு மில்லி தடிப்புல போடுவோம். ஒரு கண்ண அறுத்தாலும் பக்கத்துக் கண்ணு விடாது. காத்தும் வரும், வெளிச்சமும் வரும்."

"போடுப்பா."

"ஒவ்வொரு ஜன்னலுக்கும் சட்டத்துல கீல் வெச்சு, உள்பக்கமா ஒரு தாழ்ப்பாள்..."

"தாழ்ப்பாள் வெச்சா தெறந்து போடத்தானே போறாளுங்க? அதுக்கு எதுக்கு உன்னக் கூப்பிடறேன்? சுத்தி வெல்டு வெச்சு ஒட்டிடு."

"அவசரத்துக்கு ஒரு வழி வேணுமே சார்."

"வாசல் எதுக்கு இருக்கு?" என்று கேட்டுவிட்டு, "அக்கா எப்படி, ஒழுங்கா வேலைக்கு வர்றாங்களா?" என்றார் முதலாளி. மிரட்டலா, விசாரிப்பா என்று தெரியாத ஒரு சிரிப்பு. இழுத்துப்பார் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார்.

மேடையில் நின்று அவர் ஒட்டிக்கொண்டிருந்தபோது, உள்ளே பசைத் தட்டோடு அக்கா வந்து நின்றாள்.

"ஏண்டா, எங்கள என்ன கோழின்னு நெனச்சியா? கூண்டு கட்டறே?"

"காத்து வரும்க்கா."

"தீனி எப்ப போடுவே?"

கூடமே சிரித்தது. அவரும் சிரித்தார். வெல்டிங் முகமூடிக்குள் இருந்ததால் சிரிப்பு யாருக்கும் தெரியவில்லை.

ஏழு மாதம் கழித்து, பகல் பதினோரு மணிக்கு, பட்டறை வாசலில் யாரோ ஓடிக்கொண்டே, "அட்டைக் கம்பெனி எரியுது" என்று சொல்லிக்கொண்டு போனார்கள். இழுத்துப்பார் கட்டிங் மெஷினைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பாதி வழியில்தான் கரண்ட் ஞாபகம் வந்தது. தெரு முழுக்க மின் இணைப்பைத் துண்டித்திருந்தார்கள். மெஷினை அங்கேயே போட்டுவிட்டுத் திரும்பி ஓடிக் கடப்பாரையும் சம்மட்டியும் உளியும் எடுத்தார். இரும்பை அறுக்கும் காஸ் விளக்கை ஒரு கணம் பார்த்தார். கூடம் நிறையப் பசை டின். அங்கே கொண்டுபோய் நெருப்பை நீட்ட முடியாது.

கீழ்க்கிடங்கில்தான் தீ பிடித்திருந்தது. படிக்கட்டு வழியாகப் புகை மேலே ஏறியிருந்தது. வாசல் இருந்தது, ஆனால் அந்த வாசலுக்கு வர வழி இல்லை. எட்டு ஜன்னல்களிலும் விரல்கள் தெரிந்தன. மெஷ்ஷின் கண்களுக்குள் விரல் மட்டும்தான் நுழையும். அவரே பார்த்துத் தேர்ந்தெடுத்த அளவு.

மேடையில் ஏறி முதல் ஜன்னலுக்குப் போனார். அங்கே அக்கா இருந்தாள்.

"வந்துட்டியா" என்றாள். இருமினாள்.

கடப்பாரையைச் செருக இடம் தேடினார். சொரசொரப்பு மெஷ்ஷாக இருந்தால் சட்டத்துக்கும் மெஷ்ஷுக்கும் நடுவே எங்காவது ஒரு சந்து கிடைத்திருக்கும். இது காகிதம் ஒட்டினாற்போல் சட்டத்தோடு படிந்திருந்தது. உளியை வைத்து அடித்தார். ஒரு கண் அறுந்தது. பக்கத்துக் கண் அசையவில்லை. இன்னொன்றை அடித்தார். ஆள் நுழைகிற அளவுக்கு வழி வேண்டுமென்றால் எழுபது எண்பது கண்களை அறுக்க வேண்டும். ஒன்றுக்கு நாலைந்து அடி. மனசு கணக்குப் போட்டுவிட்டுக் கைவிட்டது. கை மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் அவருக்கு எட்டாவது ஜன்னல் நினைவுக்கு வந்தது. அன்று அந்த ஜன்னலுக்கு வந்தபோது வெல்டிங் ராடு தீர்ந்துவிட்டது. இருந்த துண்டு ராடுகளை வைத்து ஆறு இடத்தில் புள்ளி வைத்தாற்போல ஒட்டி, மறுநாள் வந்து முழுசாக முடித்துக்கொள்ளலாம் என்று பெயின்ட் அடித்து மறைத்துவிட்டுப் போனார். அந்த மறுநாள் வரவே இல்லை. அரைகுறை வேலை செய்துவிட்டோமே என்று அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவருக்கு உறுத்தும்.

"அக்கா, கடைசி ஜன்னலுக்குப் போ. எல்லாரையும் அங்க கூட்டிட்டுப் போ."

"கண்ணே தெரியலடா."

"செவுத்தப் புடிச்சுக்கிட்டுக் குனிஞ்சு போ. இடது பக்கம். போக்கா."

விரல்கள் மெஷ்ஷை விட்டன. அவர் வெளியே மேடை மேல் ஓடினார். ஒவ்வொரு ஜன்னலிலும், "கடைசிக்குப் போங்க, கடைசிக்குப் போங்க" என்று சொல்லிக்கொண்டே ஓடினார். நாலாவது ஜன்னலில் ஒருத்தி, "எங்க அண்ணியக் காணோம், எங்க அண்ணியக் காணோம்" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "வந்துடுவாங்க, நீ போம்மா" என்றார். அவள் திரும்பி வேறு பக்கம் போவதை அவர் பார்த்தார். நின்று கூப்பிட நேரமில்லை.

எட்டாவது ஜன்னலில் சம்மட்டியால் ஓரத்தில் அடித்தார். நாலாவது அடியில் ஒரு புள்ளி விட்டது. பக்கத்துக் கடைக்காரர்கள் இரண்டு பேர் மேடையில் ஏறி வந்தார்கள். மூவரும் அந்தச் சந்தில் கடப்பாரையைச் செருகித் தொங்கினார்கள். ஒரு பக்கம் முழுவதும் பிய்ந்து, மெஷ் வெளிப்பக்கமாக வளைந்தது. ஒவ்வொருவராக இழுத்து மேடையில் போட்டார்கள். பதினேழு பேர். பதினாறாவதாக வந்தவள் அக்கா. அவளை இழுத்தபோது அவள் தனக்குப் பின்னால் இருந்தவளின் கையை விடாமல் பிடித்திருந்தாள்.

உள்ளே பத்தொன்பது பேர் இருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் அக்கா மூன்று வாரம் கிடந்தாள். குரல் போய்விட்டது, திரும்பி வந்தபோது வேறு யாருடையதோ போலிருந்தது. தம்பி தினமும் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். ஒரு நாள் அவள் சொன்னாள்:

"அன்னிக்குக் கீல் வெக்கணும்னு அந்தாளுகிட்டச் சொன்னியா?"

"சொன்னேன்."

"எத்தனை தடவை?"

"ரெண்டு தடவை."

"எனக்கு வேலை போயிடும்னு பாத்தியா?"

அவர் அவள் போர்வையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார்.

"போயிருக்கட்டும்டா" என்று சொல்லிவிட்டு அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

விசாரணையில் முதலாளி, மெஷ்ஷைத் தேர்ந்தெடுத்தது வெல்டர்தான் என்றார். அது பொய்யில்லை. அதிகாரி இவரைக் கேட்டபோது, "மெஷ் நான் சொன்னது. ஒட்டச் சொன்னது அவரு. ஒட்டினது நான்" என்றார். "எழுதிக்கொடுக்கச் சம்மதமா?" என்றார்கள். எழுதிக்கொடுத்தார். வழக்கு முடிந்து முதலாளிக்குச் சிறை. இவருக்கு எச்சரிக்கை மட்டும். கோர்ட்டிலிருந்து வெளியே வந்து படியில் உட்கார்ந்தவருக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை. தனக்கும் ஏதாவது கொடுத்திருந்தால் கொஞ்சம் மூச்சு விட்டிருக்கலாம் போல இருந்தது.

இறந்த இருவரில் இளையவளின் கணவர் ஒரு நாள் பட்டறைக்கு வந்தார். ஒல்லியான ஆள், தச்சு வேலை செய்கிறவர். வாசலிலேயே நின்றார்.

"அவ எந்த ஜன்னல்ல நின்னா?"

"நாலாவது."

"ஏதாவது சொன்னாளா?"

"அண்ணியத் தேடினாங்க. நான் கடைசி ஜன்னலுக்குப் போகச் சொன்னேன். அவங்க உள்ள திரும்பிட்டாங்க. நான் நிக்கல. ஓடிட்டேன்."

தச்சர் தலையை ஆட்டினார். "எல்லாரும், அவ தூக்கத்துல போனமாதிரிப் போயிட்டான்னு சொன்னாங்க. நீங்க ஒருத்தர்தான் நெஜத்தச் சொன்னீங்க" என்றார். அது நன்றியா, குற்றச்சாட்டா என்று இழுத்துப்பாருக்குப் புரியவில்லை. தண்ணீர் கொடுத்தார். அவர் குடிக்காமல் போய்விட்டார்.

அன்று அவர் பழைய அளவு நோட்டுகளை எல்லாம் கீழே இறக்கினார். கீல் இல்லாமல் தான் சுற்றி ஒட்டிய ஜன்னல்களைப் பென்சிலால் வட்டமிட்டார். எரிந்த கம்பெனியை விட்டால் பதினோரு இடங்களில் அறுபத்திரண்டு ஜன்னல்கள். சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்கவில்லை. எங்கேயாவது தீயணைப்பு வண்டி மணியடித்தால், எந்தப் பக்கம் போகிறது என்று தெருவில் வந்து நின்று கேட்பார். "இப்படியே போனா நீ மொதல்ல போயிடுவே" என்றாள் அவர் மனைவி. "போய் மாத்திக் குடு. வாயத் தெறந்து கேளு."

கேட்கப் போனார். மெஷ் அதேதான், மாற்ற வேண்டியதில்லை; சுற்றி அறுத்தெடுத்து, ஆங்கிள் இரும்புச் சட்டத்தில் பொருத்தி, இரண்டு கீல் வைத்து, உள்ளிருந்து ஒரு கையால் தள்ளினால் திறக்கிற தாழ்ப்பாள். கூலி வேண்டாம் என்றார். கூலி வேண்டாம் என்று சொன்னதாலேயே சிலர் சந்தேகப்பட்டார்கள். மருந்துக் கிடங்குக்காரர் சம்மதித்தார். தையல் கூடத்துப் பெண்கள் தாங்களே போய் மேலாளரைப் பிடித்து உலுக்கிச் சம்மதிக்க வைத்தார்கள். பிள்ளைகள் படிக்கிற ஒரு பயிற்சி நிலையத்தில் நாலு முறை திருப்பி அனுப்பி, ஐந்தாவது முறை உள்ளே விட்டார்கள். ஒவ்வொரு ஜன்னலும் முடிந்ததும், உள்ளே இருக்கிறவர்களிலேயே கையில் பலம் குறைந்தவரைக் கூப்பிட்டுத் திறக்கச் சொல்வார். அவரால் திறக்க முடிந்தால்தான் அடுத்த ஜன்னலுக்குப் போவார்.

இரண்டு வருடத்தில் ஏழு இடம் முடிந்தது. நாலு இடம் முடியவில்லை. அதில் ஒன்று, வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதி. மூன்றாவது மாடி முழுக்க அவர் ஒட்டியது. காப்பாளர் அம்மாவுக்கு அவர் முகமே அலுத்துவிட்டது.

"தெறக்கற ஜன்னல் வெச்சா நான் ராத்திரி தூங்கறதா வேணாமா? பொண்ணுங்க பொறுப்பு எனக்கு."

"எனக்கும்தாம்மா."

"இங்க எதுவும் நடக்கல."

"அங்கயும் அதுவரைக்கும் எதுவும் நடக்கலம்மா."

அவள் கதவைச் சாத்தினாள். அவர் மேலதிகாரிகளுக்கு மனு எழுதினார், பதில் வரவில்லை. இன்னொரு மனு எழுதினார். அக்கா அந்தப் புது, கரகரத்த குரலில் ஒவ்வொரு வரியையும் படித்துத் திருத்திக் கொடுத்தாள். சில வரிகளைக் கிழித்துப் போடச் சொன்னாள். அவர்கள் இருவருக்கும் நடுவில் அந்த மனுக்களைத் தவிர வேறு பேச்சு அதிகமில்லை.

இப்போதும் செவ்வாய்க்கிழமை தோறும் அவர் விடுதிக்குப் போகிறார். எதிர்ப்புறம் பேருந்து நிறுத்தத்தில் நின்று மூன்றாவது மாடியைப் பார்க்கிறார். மெஷ்ஷில் யாரோ கைக்குட்டை காயப்போட்டிருக்கிறார்கள். அதற்குப் பின்னால் விளக்கு எரிகிறது. ஒரு பெண் தலை வாரிக்கொண்டே கீழே பார்க்கிறாள். அவர் தெருவைக் கடந்து போய் மணியை அழுத்துகிறார்.