ஓரத்தில் ஒரு விரல்

கல்யாணப் படம் மழையில் ஊறிப்போன பிறகு, அந்த ஓய்வுபெற்ற பஸ் மெக்கானிக்கிடம் மனைவியின் படம் ஒன்றுகூட இல்லை. வீட்டுக் கேமரா எப்போதும் அவள் கையில்தான் இருக்கும். அவள் போய்ச் சேர்ந்து பல வருடம் கழித்து, தையல் மிஷின் டிராயரில் ஒரு பிலிம் கிடைத்தது. இப்போது யாரும் விற்காத குட்டி ரகம். அதைக் கழுவ ஒரு கடையைக் கண்டுபிடிப்பதற்குள் அவருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

எல்லாப் படத்திலும் அவரேதான்: பஸ்ஸுக்கு அடியில், சாப்பாட்டுத் தட்டோடு, நாற்காலியில் தூங்கி வழிந்துகொண்டு. எல்லாவற்றிலும் ஓரத்தில் மங்கலாக அவள் விரல். “லென்ஸ மறைக்காதடி” என்று எத்தனை தடவை கத்தியிருப்பார்!

“விரல் விழுந்திருக்கு சார். அத வெட்டிட்டுப் பெருசு பண்ணித் தரட்டுமா?” என்றார் கடைக்காரர்.

“என்னை வெட்டிடுங்க” என்றார் அவர். “அந்த விரல மட்டும் பெருசு பண்ணிக் குடுங்க.”