உலை வாசலில் விட்ட பெயர்

பொனிஜோ என்று கேட்டால் எங்கள் கொல்லர் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. ரக்ரியான் என்றால்தான் தெரியும். அது அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயரில்லை, உலைப் பெயர்.

சோலோ நகரத்துக்குத் தெற்கே, கமெலான் வாத்தியக் குழுவுக்குக் கோங் என்கிற பெரிய வெண்கலச் சேகண்டியை அடித்துச் செய்கிற எங்கள் ஊரில், உலைக்குள் போகிறவன் சொந்தப் பெயரை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். உள்ளே எல்லாருக்கும் பழைய அரண்மனைப் பெயர்கள்தான். நெருப்புக்கு நம் பெயர் தெரிந்தால் வீடு தேடி வரும், பிள்ளை பெயர் தெரிந்தால் பிள்ளையைத் தேடி வரும் என்பார்கள். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். உலையில் கை வெந்தவன் எவனும் சிரித்து நான் பார்த்ததில்லை.

பொனிஜோவின் வேலை திருப்புவது. பழுக்கக் காய்ச்சிய வெண்கலத் தட்டை இடுக்கியால் பிடித்து, விழுகிற சம்மட்டிகளுக்குக் கீழே கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றித் தர வேண்டும். கை தயங்கினால் அடி ஒரே இடத்தில் விழுந்து கோங் பிளந்துபோகும். அந்த மழைக்காலத்தில் ஏற்கெனவே இரண்டு பிளந்திருந்தன. தலைமைக் கொல்லர் ரெசோ யாரோடும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

அடுத்த கோங் அடிபட்டுக்கொண்டிருந்த காலையில் பொனிஜோவின் மனைவி லகினெம் உலை வாசலுக்கு ஓடிவந்தாள். தோள்துணியில் அவர்களுடைய ஒரே மகள் தர்மி. குழந்தைக்குத் தொண்டை அடைத்து மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. வைத்தியர் இருப்பது ஆற்றுக்கு அக்கரையில். வெள்ளத்தில் மூங்கில் தெப்பத்தைக் கயிறு பிடித்து இழுக்க ஆண்பிள்ளை வேண்டும். தெருவிலிருந்த ஆண்பிள்ளைகள் எல்லாரும் உலைக்குள். பெண்கள் அதற்குள் கால் வைக்கக் கூடாது.

"தர்மி அப்பா, பிள்ளைக்கு மூச்சு வரல. வாங்க."

சம்மட்டிச் சத்தத்தையும் மீறி அவனுக்குக் கேட்டது. மூச்சு வரவில்லை என்பதைவிட, தர்மி என்ற பெயர்தான் அவனைக் கலக்கியது. பைத்தியக்காரி, நெருப்பின் காதில் பிள்ளை பெயரைப் போட்டுவிட்டாளே! இப்போது திரும்பிப் பார்த்தால், அந்தப் பிள்ளைக்கு அப்பன் நான்தான் என்று காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

"ரக்ரியான், திருப்பு" என்றார் ரெசோ.

அவன் திருப்பினான். பிள்ளையைக் காப்பாற்றத்தான் திருப்பினான். கடைசிவரை அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான், நானும் அதை நம்புகிறேன். வாசலில் இன்னும் ஒருமுறை அந்தக் குரல் கேட்டது, பிறகு கேட்கவில்லை.

கோங் தண்ணீருக்குள் இறங்கியதும் இடுக்கியைப் போட்டுவிட்டு ஓடினான். தெப்பம் கட்டின இடத்திலேயே கிடந்தது. கரைச் சேற்றில் லகினெம் உட்கார்ந்திருந்தாள். தனியாக இழுத்துப் பார்த்திருக்கிறாள், உள்ளங்கை இரண்டும் கிழிந்திருந்தன. மடியில் குழந்தை அசையவில்லை.

அந்தக் கோங்குக்கு என்ன குரல் வாய்த்தது தெரியுமா, பாழாய்ப்போன கோங்! சின்ன வாத்தியங்களெல்லாம் ஓடியாடி முடித்த பிறகு அது ஒருதரம் ஒலித்தால் நெஞ்சுக்குள் இறங்கிவிடும். ஊரே ரெசோவைப் பாராட்டியது. கல்யாண வீட்டில் அது ஒலித்தால் லகினெம் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விடுவாள்.

அவர்களுக்கு வேறு குழந்தை பிறக்கவில்லை. ரொம்ப நாள் அவள் அவனை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. ஒரு சாயங்காலம், கிணற்றடியில் நின்றவனைப் பார்த்து, "ரக்ரியான், சோறு ஆறுது" என்றாள். பக்கத்து வீட்டு வேலி ஓரத்தில் நின்ற எனக்கே திக்கென்றது. அவன் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனான். அன்றிலிருந்து வீட்டிலும் அவனுக்கு அதுதான் பெயர். கேட்டுக் கேட்டுத் தெருவும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டது.

கரிப்புகை நெஞ்சை அரித்து அவன் படுத்த படுக்கையான போது, கஞ்சி ஊட்ட வந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டு, பழையபடி ஒரே ஒருதரம் 'தர்மி அப்பா' என்று கூப்பிடச் சொல்லிக் கெஞ்சினான்.

அவள் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. கோபமும் படவில்லை.

"அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாச்சு. நீங்க வரல" என்று சொல்லிவிட்டு, அடுத்த கரண்டிக் கஞ்சியை ஊதி ஆற்றினாள்.