என் பையில் அடித்த மணி

ஆள் காணாமல் போனால் மனு எப்படி எழுதுவது என்று விருத்தாசலம் போலீஸ் ஸ்டேஷனில் எழுத்தராக இருந்து எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். என் மனைவியே காணாமல் போனபோது அந்த ஞானம் எதற்கும் உதவவில்லை.

மகள் அனுப்பிவைத்த சுற்றுலா அது. கிரேக்கத் தீவு ஒன்றின் மலைக்கிராமத்தில், சாயங்காலப் படகு வரும்வரை இருவரும் சாவகாசமாகச் சுற்றிக்கொண்டிருந்தோம். எங்கு பார்த்தாலும் வெள்ளை வீடுகள், படிக்கட்டுகள். தேவாலயத்தைப் படமெடுத்துவிட்டுத் திரும்பினால் அவளைக் காணோம்.

போன் செய்தேன். என் தோள்பைக்குள்ளேயே மணி அடித்தது.

பத்திரமாக இருக்கட்டும் என்று அவளுடைய போன், பாஸ்போர்ட், பணம் எல்லாவற்றையும் நான்தான் வாங்கி வைத்திருந்தேன். நகல்கூட மூன்று செட். பாஷை தெரியாத ஊரில் அவளை வெறுங்கையோடு நிறுத்தியிருந்தேன். நகலிலிருந்த அவள் படத்தைக் காட்டிக் காட்டி ஒவ்வொரு படியாக ஏறி இறங்கினேன். எல்லோரும் பரிதாபமாகக் கையை விரித்தார்கள். கீழே படகு சங்கு ஊதியது.

கடைசியில், துணி உலர்த்திக்கொண்டிருந்த ஓர் அம்மாள் படத்தைப் பார்த்ததும் என் கையைப் பிடித்துத் தன் வீட்டுக்கு இழுத்துப்போனார். வாசலில் நாற்காலி போட்டு என் மனைவியை உட்காரவைத்திருந்தார். மடியில் ஒரு தட்டு அத்திப்பழம். ஒன்றையும் அவள் தொடவில்லை.

"எங்கங்க போயிட்டீங்க? யாருக்கு போன் பண்ணுவேன், எங்கிட்ட என்னா இருக்குது?"

படகில் ஏறியதும் அவளுடையதை எல்லாம் அவள் கையில் கொடுத்தேன்.

"வாங்கிக்கிட்டதுக்குக் கையெழுத்து எதுனா போடணுமா?" என்றாள்.

சிரிக்க முடியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவளுடைய காகிதங்கள் எல்லாம் என் பீரோவில்தான் இருக்கின்றன. அதை அக்கறை என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தேன்.