அக்காவின் ஒரே புகைப்படம்

கறுப்பு வட்டக் கண்ணாடி ஒன்றைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு அக்கா வாசல் வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்தாள். அகச்சிவப்புப் படம் எடுப்பதற்காக நான் வாங்கி வந்த பில்டர் அது. “ஒண்ணுமே தெரியலியேடா. இத்தயா மெட்ராஸ் வரைக்கும் போயி வாங்கியாந்த?” என்று சிரித்தபடி என் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

அந்தக் கண்ணாடியை லென்ஸின் முன்னால் திருகி மாட்டினால், நாம் காணும் வெளிச்சத்தைத் தடுத்துவிட்டு, காணாத வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடும். பச்சை இலைகள் வெள்ளை வெளேரென்று விழும். ஆனால் கேமராவுக்குள்ளேயே அந்த வெளிச்சத்தை மறிக்கும் தகடு ஒன்று உண்டு. அதையும் மீறிப் படம் பதிய அரை நிமிடமாவது ஆகும். அதற்குள் அசைகிற எதுவும் புகையாகக் கலைந்துவிடும். அந்தத் தகட்டைப் பிரித்தெடுத்து, அதன் இடத்தில் பில்டரையே பதித்துக் கேமராவை மாற்றிக்கொள்ளும் வழியும் இருந்தது. அப்படிச் செய்தால் கையில் பிடித்தே எடுக்கலாம், மனிதர்களையும் எடுக்கலாம். ஆனால் சாதாரணப் படம் எடுக்க அந்தக் கேமரா பிறகு உதவாது. விழுப்புரம் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கும் எனக்கு இருந்ததே ஒரு கேமரா. வேண்டாதபோது கழற்றிவிடலாம் என்றுதான் பில்டரைத் தேர்ந்தெடுத்தேன். கடைசிவரை அதோடு நின்றிருக்கலாம்.

அக்கா கிளியனூரில் தனியாக இருந்தாள், அங்கன்வாடி டீச்சராக. பதினைந்து வயதில் அவள் விரல் நுனிகளிலும் உதட்டோரத்திலும் தோன்றிய வெண்புள்ளிகள் மெல்லப் படர்ந்து, இரு கைகளிலும் கழுத்திலும் தீவு தீவாக நின்றன. தொற்றாத, வலிக்காத ஒன்று அது. தொண்ணூற்று மூன்றில் அவளுக்கு வரன் பார்த்தபோது, திண்டிவனத்தில் ஒரு ஸ்டூடியோவில் அப்பா படம் எடுக்க வைத்தார். அங்கிருந்தவர் உதட்டோரத்தையும் கழுத்தையும் மெல்லிய தூரிகையால் தொட்டுத் தொட்டுச் சரிசெய்து கொடுத்தார். படத்தைப் பார்த்துப் பிடித்துப்போய், மேல்மலையனூர்ப் பக்கமிருந்து ஒரு குடும்பம் வந்தது. காபித் தட்டோடு குனிந்த அக்காவின் கையை மாப்பிள்ளையின் அம்மா பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு, ஒரு பாத்திரத்தைக் கீழே வைப்பதுபோல் அந்தக் கையை மெதுவாக விட்டாள். யாரும் காபி குடிக்கவில்லை. அன்று சாயங்காலமே அக்கா அந்தப் படத்தை அடுப்பில் போட்டாள். அதன்பின் எந்தக் கேமராவின் முன்னாலும் அவள் நின்றதில்லை. என் கல்யாணத்தில்கூட வீடியோக்காரர் போகும் பக்கமெல்லாம் பார்த்து, அவர் முதுகுக்குப் பின்னாலேயே நகர்ந்துகொண்டிருந்தாள். வாக்காளர் அட்டைக்கு மட்டும் எடுத்தாக வேண்டியிருந்தது. அதில் தெரியும் கறுப்பு நிழல் யாராகவும் இருக்கலாம்.

ஒரு விடுமுறை நாளில் அந்த வேப்பமரத்தைப் பில்டர் போட்டு எடுத்தேன். அடிமரத்தில் கையை ஊன்றி யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள் அக்கா. அவள் முகம் புகையாகிவிட்டது. ஊன்றிய கை மட்டும் அசையாததால் தெளிவாக விழுந்திருந்தது. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தேன். கையில் புள்ளிகள் இல்லை. ஓரங்கள் மட்டும் லேசாகத் தெரிந்தன. அந்த வெளிச்சத்தில் தோலின் நிறபேதம் அநேகமாக அழிந்துவிடும் என்று பிறகு படித்தேன். அன்றைக்கு அது எனக்கு அதிசயமாக இருந்தது.

அவள் முகத்தை அப்படி எடுத்துவிட வேண்டும் என்ற வெறி வந்துவிட்டது. அதற்குக் கேமராவை மாற்றுவதைத் தவிர வழியில்லை. சென்னையில் ரிப்பேர் செய்பவர், எந்தக் கண்ணாடி வேண்டும் என்று கேட்டார். முன்பு நான் வைத்திருந்த வகையில் கொஞ்சம் நிறம் தங்கும். அதைவிடக் கடுமையானதில் எதுவும் தங்காது. கடுமையானதையே கேட்டேன். “அப்புறம் சாதா போட்டோ வராதுங்க, யோசிச்சிக்கோங்க” என்றார் அவர். நான் யோசிக்கவில்லை.

இந்தக் கேமராவில் அது தெரியாது என்று அக்காவிடம் சொன்னேன். எது என்று அவள் கேட்கவில்லை. உள்ளே போய் வேறு புடவை கட்டிக்கொண்டு, தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு வந்து மரத்தடியில் உட்கார்ந்தாள். அவளுக்கு அப்போது நாற்பது வயது தாண்டியிருந்தது.

அடுத்த வாரம் பெரிதாகப் பிரிண்ட் போட்டு எடுத்துப் போனேன். பளிங்குபோல ஒரு முகம், பின்னால் வெள்ளை மரம். வெகுநேரம் பார்த்தாள். “நல்லாத்தான் இருக்குது” என்றாள். பிறகு, படத்திலிருந்து கண்ணை எடுக்காமல், “தொண்ணூத்தி மூணுல அவங்க இவளப் பாக்கத்தான்டா வந்தாங்க. வந்தா நான் இருந்தேன்” என்றாள்.

அவளே தொடர்ந்தாள். “கேமரா கொண்டாந்துதான இருக்கற? சாதாரணமா ஒண்ணு எடு. நான் இருக்கற மாதிரி.”

இதில் முடியாது என்று விளக்கினேன். அப்போது என்னிடம் இருந்த போனிலும் கேமரா கிடையாது. “சரி, வேற ஒண்ணு கொண்டாந்து எடு. ஜல்தியா வா, எனக்கு மனசு மாறிடப் போவுது” என்று சிரித்தாள்.

நண்பரிடம் ஒரு கேமரா இரவல் வாங்கிக்கொண்டு மறுநாளே போயிருக்கலாம். போகவில்லை. ஷிப்ட் என்றேன், ஆள் இல்லை என்றேன். உண்மையில் எனக்கு மனத்தாங்கல். அவ்வளவு பாடுபட்டு எடுத்ததை அவள் கொண்டாடவில்லையே என்று உள்ளுக்குள் முறுக்கிக்கொண்டிருந்தேன். நான்கு மாதம் ஓடிப்போயிற்று. ஒருநாள் காலை பஸ்ஸுக்கு நின்றிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாளாம். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது.

சட்டம் போட்டு மாலை சாத்த வேறு படம் இல்லை. என் மனைவி அந்தப் படத்தைத்தான் தேடி எடுத்துக் கொடுத்தாள். வந்த உறவுக்காரர்கள், எவ்வளவு லட்சணமாக இருக்கிறாள் என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள். நான் ஒருவருக்கும் விளக்கம் சொல்லவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அங்கன்வாடியில் சமைக்கும் அம்மா வந்திருந்தார். அக்காவோடு பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவர். மாலை போட்ட படத்தின் முன்னால் விழுந்து கும்பிட்டார், ஊரார் கும்பிட்டதைப் பார்த்து. எழுந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் வந்தார்.

“தம்பி, எங்க டீச்சர் இருந்த மாதிரியே போட்டோ ஒண்ணு இருந்தா குடுங்க. பசங்க கேக்குதுங்க, ஸ்கூல்ல மாட்டணும்.”

இல்லைம்மா என்றேன்.