குடையோடு வந்த கார்டு

மலாக்கா டவுனில் ஒரு பெரிய துணிக்கடை. வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த பெண் என்னை 'சார்' என்று கூப்பிட்டாள். அதுவரை யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. பத்து பெரண்டாம் என்ற ஊரில் நான் வேலை பார்க்கும் ஃபேக்டரியில் சூப்பர்வைசர் என்னைக் கூப்பிடும் சொல்லை இங்கே எழுத முடியாது. சம்பளச் சீட்டைக் காட்டினால் கடைக் கார்டு கிடைக்குமாம். இப்போது வாங்கிக்கொண்டு பிறகு கட்டலாமாம். அதோடு ஒரு குடை சும்மா. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். என் கையெழுத்து லாரி ஏறிய மரவட்டை மாதிரி இருக்கும். அவள் விரல் வைத்த இடத்தில் எல்லாம் ஒரு மரவட்டையை நசுக்கி வைத்தேன்.

குடையைத் தங்கைக்குக் கொடுத்தேன். கார்டு தபாலில் வந்தது. என் பெயர் அதில் புடைப்பு எழுத்தில் இருந்தது. பெம்பான் பக்கம் எஸ்டேட்டில் நான் வளர்ந்தபோது கடைக்காரரின் கடன் புத்தகத்தில்கூட எங்களுக்குப் பெயர் கிடையாது. 'பல்லன் வீடு' என்றுதான் எழுதியிருப்பார். அப்பாவுக்குப் பல் கொஞ்சம் முன்னால் நிற்கும். எனக்கும்தான். அதனால் அந்தப் பெயரைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருப்பேன்.

"அத தடவுற நேரத்துக்கு புள்ள முதுக தடவுனா தூங்கிரும்" என்பாள் மனைவி.

அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே அந்தக் கார்டு பிடிக்கவில்லை.

"கட்ட வேண்டியத கட்டிட்டு திருப்பி குடுத்துருங்க. வருசா வருசம் இதுக்கு வேற காசு கட்டணுமாம். நாம வாங்காத சாமானுக்குத்தான் அவன் வெலய கொறைக்கிறான். போன வாரம் கம்பளி கோட்டுக்கு பாதி வெல. மலாக்கா வெயில்ல கோட்டு யாருக்கு லா?"

"ஒங்க அண்ணன்கிட்ட இருக்கா இந்த மாதிரி கார்டு?"

"இல்ல. அதான் அவரு நிம்மதியா தூங்குறாரு."

அந்தச் சமயத்தில் தங்கைக்கு ஜாசினில் மாப்பிள்ளை அமைந்தது. நிச்சயத்துக்கு மாப்பிள்ளை உடுப்பைப் பெண் வீட்டார்தான் எடுத்துத் தர வேண்டும். அப்பா போய்விட்டதால் அது என் வேலை. "ஒண்ணுமில்லாத வீட்ல எடுக்குறோம்னு எங்க சொந்தத்துல பேசுறாங்க, உடுப்பாவது பாக்குற மாதிரி எடுங்க" என்று மாப்பிள்ளையின் அம்மா முதலிலேயே சொல்லிவிட்டார். தங்கை என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அண்ணே, அன்னிக்கு மட்டும் கூத்தடிக்காத. நான் அந்த வீட்ல தல நிமிந்து நிக்கணும்."

மனைவி ஒரு முடிவு சொன்னாள். நிச்சயம் வரைக்கும் கார்டைத் தொடக்கூடாது. மாப்பிள்ளை உடுப்பை அதில் எடுத்துவிட்டு, மறுநாளே வெட்டிப் போட்டுவிட வேண்டும். எனக்கு அது பெரிய வெற்றி. கடைக்குப் போய், இருந்த கடனைக் கட்டினேன், பத்து வெள்ளி தவிர.

பணம் இல்லாமல் இல்லை. எஸ்டேட்டில் கடன் புத்தகத்தை முழுதாகத் தீர்த்தால் அதற்கு இரண்டே அர்த்தம்தான்: ஊரைவிட்டுப் போகிறான், இல்லையென்றால் கடைக்காரரோடு சண்டை. அதனால் சம்பளத்தன்று எவ்வளவு கட்டினாலும் கொஞ்சம் பாக்கி வைப்போம். அது மரியாதை. இன்னும் பத்து வெள்ளி இருக்கிறதே என்று கவுண்டர் பெண் மலாயில் சொன்னபோது, "பியார்லா" என்று கண்ணடித்துவிட்டு வந்தேன். இருக்கட்டும், உங்களை விட்டுப் போகமாட்டேன் என்று அர்த்தம்.

ஐந்து மாதம் கார்டு பிஸ்கட் தகரத்துக்குள் கிடந்தது. கடையிலிருந்து மாதம் ஒரு கடிதம் வந்தது, எல்லாம் இங்கிலீஷ். முதல் இரண்டு கறுப்பு எழுத்து, மற்றதெல்லாம் சிவப்பு. சீனர் கடை, நல்ல சேதியைச் சிவப்பில்தான் போடுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மனைவிக்கும் இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் அவளிடம் காட்டவில்லை. பொறாமைப்படுவாள் என்று நினைத்தேன்.

உடுப்பு எடுக்கப் போன அன்று மாப்பிள்ளை, அவர் அம்மா, அவர் தாய்மாமன் என்று மூன்று பேர் வந்தார்கள். தாய்மாமன் ஒரு எஸ்டேட் ஆபீஸில் கிராணி, கணக்கு எழுதுகிறவர். எங்கள் பக்கம் நானும் குடையோடு தங்கையும். மாப்பிள்ளை மலிவான சட்டையாகப் பார்த்து எடுத்தார்.

"வெலய பாக்காதீங்க மாப்ள. கார்டு இருக்கு" என்று அதைப் பிடுங்கி வைத்துவிட்டு, விலை கூடியதை எடுத்துக் கொடுத்தேன்.

கேஷியர் கார்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். போன் போட்டாள். "இனி தா போலே பக்காய், என்சிக்" என்றாள். இதைப் பயன்படுத்த முடியாதாம். மிஷினுக்குக் காய்ச்சல் என்று நான் சிரித்தேன். நான் யார் என்று அவளுக்குக் காட்டுவதற்காக, பையில் கொண்டுவந்திருந்த ஐந்து கடிதங்களையும், சிவப்பை மேலே வைத்து, எடுத்து நீட்டினேன். கிராணி குறுக்கே கைநீட்டி வாங்கிக்கொண்டார்.

"நான் படிச்சு சொல்றேன்" என்று கண்ணாடியைப் போட்டார். எஸ்டேட்டில் காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கூப்பிடும் குரல் அவருக்கு. "பல தடவ கேட்டும் கட்டலையாம். கார்ட நிப்பாட்டிட்டாங்களாம். எவ்ளோ பாக்கி தெரியுமாக்கா? பத்து வெள்ளி! பத்து வெள்ளிக்கு அஞ்சு கடுதாசி! ஸ்டாம்புக்கே அவன் நட்டப்பட்டிருப்பான்."

வரிசையில் நின்ற தமிழர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நாலு பேர் சிரித்தால் எதற்கென்று பார்க்காமல் கூடச் சேர்ந்துகொள்ளும் பழக்கம் எனக்கு. தங்கை என்னைப் பார்த்தாள். கார்டு செத்துப் போனதைவிட நான் சிரித்ததைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை.

என் சட்டைப் பையில் பதினோரு வெள்ளி இருந்தது. பாக்கிக்குப் போதும், உடுப்புக்குப் போதாது. கேஷியர் கத்திரிக்கோலை எடுத்து என் பெயருக்கு நடுவில் வெட்டினாள். மாப்பிள்ளையின் அம்மா பர்ஸைத் திறந்தார்.

"மாப்ள உடுப்பு மாப்ள வீட்டு காசுல. ரொம்ப நல்லாருக்கு. வாங்க போவோம், எல்லாரும் பாக்குறாங்க."

கல்யாணம் நிற்கவில்லை. நல்லவேளை நிற்கவில்லை என்றார்கள் எல்லோரும். நின்றிருந்தால் தங்கை தப்பித்திருப்பாள். மாப்பிள்ளை அந்தச் சட்டையைப் போடும்போதெல்லாம் அது யார் காசு என்று மாமியார் சொல்வாராம். மழை வந்தால் குடை. "பாத்து விரிம்மா, கடைக்காரன் வந்து புடுங்கிட்டு போயிருவான்."

நான் போய் அபராதம் எல்லாம் சேர்த்து ஒரு சென் விடாமல் கட்டினேன். அதைத் தங்கையிடம் சொல்ல ஜாசினுக்குப் போனேன். நல்ல மழை. அவள் வீட்டுக் கேட்டுப் பக்கம் நின்றேன். அவள் பஸ்ஸிலிருந்து இறங்கி, குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நனைந்தபடி நடந்து வந்தாள்.

"ஏன் விரிக்கல?"

"கட பாக்கி என்னாச்சு?"

"எல்லாத்தையும் கட்டிட்டேன். பாக்கியே இல்ல."

"இந்தா, இதயும் குடுத்துட்டு வந்துரு." குடையை என் கையில் திணித்தாள். "உள்ள வராதண்ணே. அத்த இருக்காங்க."

கேட்டைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். பஸ் வரும்வரை அந்தக் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். குடையைச் சுற்றிலும் கடையின் பெயர் பெரிது பெரிதாகப் போட்டிருந்தது. நான் படித்துத் தெரிந்துகொண்ட இங்கிலீஷ் அது ஒன்றுதான்.