இடப்பக்கம் திரும்பினால் வரும் சத்தம்

எங்கள் காலனி வாட்ஸ்அப் குழுவில் நூற்று எழுபது பேர் இருக்கிறோம். நாலு நாள் தண்ணீர் வராவிட்டாலும் ஒருவரும் வாய் திறக்க மாட்டார். ஆனால் போன தையில் அழகுபாண்டி ஒரு செய்தி போட்டதும் அரைமணி நேரத்தில் நாற்பது பேர் கட்டைவிரலைத் தூக்கிவிட்டார்கள். "ஆக்டிங் டிரைவர் சத்தியசீலனை நம்பி யாரும் வண்டி கொடுக்க வேண்டாம். என் வண்டியைப் பள்ளத்தில் இறக்கி ஆக்ஸிலைக் கெடுத்துவிட்டார்." அழகுபாண்டி கட்டட எஞ்சினியர், காலனிச் சங்கச் செயலாளர், குழுவுக்கு அட்மினும் அவர்தான். விரல் தூக்கியவர்களில் நானும் ஒருத்தி. அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சத்தியசீலன் கீழக்குயில்குடிக்காரர். சொந்த வண்டி கிடையாது. வண்டி வைத்துக்கொண்டு ஓட்ட முடியாதவர்கள் கூப்பிட்டால் வந்து ஓட்டிக் கொடுப்பார். இந்தக் காலனியில் பாதி வீட்டுக் கல்யாணத்துக்கும் பிரசவத்துக்கும் ஸ்டியரிங் பிடித்தவர் அவர்தான். உட்கார்ந்ததும் ஏசி போட மாட்டார், பாட்டும் போட மாட்டார். முதல் ஒரு கிலோமீட்டருக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு, வண்டியின் சத்தத்தைக் கேட்டபடியே போவார். பின்சீட்டில் நமக்கு வேர்த்து ஊற்றும். முனகினால், ரெண்டு நிமிசம் பொறுத்துக்கங்க டீச்சர் என்பார்.

அப்படிக் கேட்டதுதான் அவருக்கு வினையாகப் போனது. எழுமலையில் ஒரு விசேஷத்துக்கு அழகுபாண்டி குடும்பத்தை அழைத்துப் போன அன்று, காலனி வாசலில் இடப்பக்கம் ஒடித்துத் திருப்பும்போது டக் டக் டக்கென்று ஒரு சத்தம். நேராக ஓடினால் இல்லை. திரும்பினால் மட்டும். முன்சக்கரத்தைச் சுழற்றும் ஆக்ஸிலில் ஜாயிண்ட் போகப் பார்க்கிறது, சீக்கிரம் காட்டிவிடுங்கள் என்று இறங்கும்போது சொல்லியிருக்கிறார். சாவியைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் போயிருந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? சொன்ன மனுஷன் குற்றவாளி ஆனார். ரெண்டரை வருஷ வண்டி, இதுவரைக்கும் வராத சத்தம் இவர் ஓட்டும்போது மட்டும் ஏன் வருகிறது என்று அழகுபாண்டி முடிவு கட்டிவிட்டார். படித்த எஞ்சினியர், வண்டிக்கு அடியில் ஒரு தடவை குனிந்து பார்க்கவில்லை.

அன்றோடு சத்தியசீலனின் போன் அடிப்பது நின்றது. மறுவாரம் என் வண்டியைப் பேரையூருக்கு ஓட்டி வருவதாகச் சொல்லியிருந்தவரை நானும் வேண்டாம் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

ஒரு மாதம் கழித்து, என் வண்டிக்கு ஆயில் மாற்ற பைபாஸ் ரோட்டில் மெக்கானிக் காளையின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். அங்கே சத்தியசீலன் பேண்டை முழங்கால் வரை மடித்துவிட்டு யாருடைய வண்டியையோ கழுவிக்கொண்டிருந்தார். அம்பத்தொரு வயது. வாங்க டீச்சர் என்று எப்போதும்போலச் சிரித்தார். எனக்குத்தான் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நான் உட்கார்ந்திருக்கும்போதே அழகுபாண்டியும் வண்டியோடு வந்து சேர்ந்தார். ரெண்டு கடை ஏறி இறங்கியாயிற்றாம். வீல் அலைன்மெண்ட் பார்த்தாயிற்று, டயர் மாற்றியாயிற்று, சத்தம் கூடியதே தவிரக் குறையவில்லை. காளை பக்கத்துக் காலி இடத்தில் ஸ்டியரிங்கை இடப்பக்கம் கடைசிவரை ஒடித்து மெதுவாக வட்டம் அடிக்கச் சொன்னார். தெருவுக்கே கேட்டது. பிறகு ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றினார்.

உள்ளே முழுக்கக் கிரீஸ் தெறித்துக் கிடந்தது. ஜாயிண்டை மூடியிருக்கும் ரப்பர் உறை கிழிந்து, மண் புகுந்து, இரும்பு தேய்ந்திருந்தது. அதை அறுத்த பொருள் ஆக்ஸிலில் இறுகச் சுற்றிக்கொண்டு அங்கேயே இருந்தது. கறுப்புத் திருஷ்டிக் கயிறு. அதன் நுனியில் ஒரு படிகாரத் துண்டு.

இதை இங்கே யார் கட்டியது என்று காளை கேட்டார். அழகுபாண்டி கொஞ்ச நேரம் செருமிவிட்டு, ஆயுதபூஜைக்குத் தானே கட்டியதாகச் சொன்னார். முன்னால் தொங்கவிட்டால் சைட்டுக்கு வருகிறவர்கள் சிரிக்கிறார்களாம். அதனால் வெளியே தெரியாமல் சக்கரத்துக்கு உள்ளே கட்டினாராம்.

எனக்கு வந்த கோபத்துக்கு நன்றாகக் கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் சத்தியசீலன், "கயித்து மேல என்ன குத்தம்? முன்னாடி கட்டியிருந்தா அது பாட்டுக்குத் தொங்கிட்டு இருக்கும்" என்றார். இந்த நிலைமையிலும் அழகுபாண்டியின் நம்பிக்கையைக் குறை சொல்லிவிடக் கூடாது என்று நினைக்கிற மனுஷனைத்தான் நாங்கள் தெருவில் நிறுத்தியிருந்தோம்.

சாயங்காலம் புது ஜாயிண்ட் மாட்டியாயிற்று. அதே இடத்தில் அதே வட்டம், சத்தமே இல்லை. அழகுபாண்டிக்கு ஒரே சந்தோஷம். சாவியைச் சுழற்றிக்கொண்டே, உன்மேல தப்பில்லப்பா, மனசுல வச்சுக்காத, சனிக்கிழமை ஒரு காதுகுத்து இருக்கு, காலையில வந்துரு என்றார். மன்னிப்பும் வேலையும் ஒரே மூச்சில் முடிந்துவிட்டன.

சத்தியசீலன் கையைத் துடைத்துக்கொண்டார். "சத்தம் வந்தன்னிக்கு நூத்தி எழுவது பேருகிட்ட சொன்னீங்க. சத்தம் நின்னன்னிக்கு எங்கிட்ட மட்டும் சொல்றீங்களே சார். குரூப்புல போடுங்க, வாரேன்."

அவர் பைப்பை எடுத்துக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். அழகுபாண்டி என் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா டீச்சர், எம்புட்டுத் திமிரு" என்றார்.

சனிக்கிழமை வரை பொறுத்துப் பார்த்தேன். அவர் போடவில்லை. நடந்ததை, நான் விரல் தூக்கியது உட்பட, நானே குழுவில் எழுதினேன். நாலே நிமிஷத்தில் அட்மின் அதை நீக்கிவிட்டார். காலனி சம்பந்தப்பட்ட விஷயங்களை மட்டும் பதியவும் என்று ஓர் அறிவிப்பு வந்தது. அதற்கும் விரல்கள் உயர்ந்தன.

அதனால்தான் அவர் கை எட்டாத இடத்தில் இதை எழுதுகிறேன். சத்தியசீலன், கீழக்குயில்குடி. இருபத்தாறு வருஷமாக வண்டி ஓட்டுகிறார். அந்தச் சத்தம் அவரால் வந்ததல்ல.